எரிந்த சுருளை மறுபடி எழுதின ஆக்கள்

கி.மு. 604, கார்த்திகை–மார்கழிக் குளிர். யூதாவின் அரசன் யோயாக்கீம் எருசலேமில் தன்னுடைய குளிர்கால மாளிகையில் இருக்கிறான். முன்னால் கணப்பில் நெருப்பு எரிகிறது. யெகுதி என்ற அலுவலர் ஒரு சுருளை வாசிக்கிறார். மூன்று நாலு பத்தி வாசித்து முடிந்ததும், எழுத்தர்கள் வைத்திருக்கும் சூரிக்கத்தியால் அந்தப் பகுதியை அறுத்து நெருப்பில் போடுகிறான் அரசன். பேந்து அடுத்த மூன்று நாலு பத்தி. பேந்தும் அறுப்பு. சுருள் முடியும்வரை இப்படியே போகிறது. எரேமியா புத்தகத்தின் 36ஆம் அதிகாரத்தில் இதை வாசிக்கலாம்.

கோபத்தில் ஒரேயடியாய்த் தூக்கிப் போட்டிருந்தால் கூட, சரி, மனிசருக்கு வாற ஆத்திரம் என்று விடலாம். இவன் ஒவ்வொரு பத்தியையும் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் எரிக்கிறான்.

ஒளித்திருந்த எரேமியாவுக்குச் செய்தி போகிறது. அவர் இன்னொரு சுருளை எடுத்துத் தன் எழுத்தர் பாருக்கிடம் கொடுத்து, முதல்ல இருந்து திரும்பச் சொல்லத் தொடங்குகிறார். எரிந்தது எல்லாம் திரும்ப எழுதப்படுகிறது. அதோடு முன்பு இல்லாத கன வார்த்தைகளும் சேர்ந்தன என்று அந்த அதிகாரம் முடிகிறது. எனக்கு முழு எபிரேய வேதத்திலும் மிகப் பிடித்த முடிவுகளில் இது ஒன்று.

ஏ.எல்.லுக்குக் கிறிஸ்தவ நாகரிகம் எடுத்த ஆக்களுக்கு எரேமியா பழக்கமான பெயர்தான். ஆனால் கோயில்களில் அவரைப் பற்றிக் கதைக்கும்போது பெரும்பாலும் ஒரே படம்தான் வரும்: அழுகிற தீர்க்கதரிசி. பாடுகளைச் சகித்தவர், பொறுமையின் உதாரணம். "நீங்களும் அப்படி இருங்கோ, கடவுள் பார்த்துக்கொள்ளுவார்." இந்தப் பொறுமைப் பாடம் எனக்கு நெடுக ஒரு நெருடல். அதைக் கேட்கிறவர்கள் அநேகமாய் ஏற்கனவே கஷ்டப்படுகிற ஆக்கள். அவர்களுக்குச் சும்மா இருக்கச் சொல்லிக் கொடுக்க எரேமியாவையா பிடிப்பது? அவர் சும்மா இருந்த நாளே இல்லையே.

'தீர்க்கதரிசி' என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழில் அது தூரத்தைப் பார்க்கிறவர், வரப்போவதை அறிகிறவர் என்ற பொருளைத் தருகிறது. எபிரேயத்தில் 'நாபி' என்ற சொல் அழைக்கப்பட்டவர், அல்லது கூப்பிட்டுச் சொல்பவர் என்ற வேரோடு தொடர்புடையது என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். கத்தோலிக்க மொழிபெயர்ப்பில் வரும் 'இறைவாக்கினர்' அதற்குக் கொஞ்சம் கிட்ட நிற்கிறது. எரேமியாவின் பேச்சில் பெரும்பகுதி நாளைக்கு வரப்போவதைப் பற்றியதல்ல, அன்றைக்குத் தெருவில் நடந்ததைப் பற்றியது. யார் யாருக்குக் கூலி கொடுக்கவில்லை என்பது வரைக்கும் அதில் இருக்கிறது.

கூலி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாய்ப் பார்ப்போம். கி.மு. 609இல் மெகிதோவில் எகிப்தின் பார்வோன் நேகோவின் கையில் யோசியா அரசன் சாகிறான். அடுத்து வந்த மகன் மூன்று மாதம்தான் ஆண்டான். நேகோ அவனை எகிப்துக்குக் கொண்டுபோய்விட்டு இன்னொரு மகனை அரசனாக்கி, பெயரையும் யோயாக்கீம் என்று மாற்றுகிறான். தண்டமாக 100 தாலந்து வெள்ளியும் ஒரு தாலந்து தங்கமும் கேட்கிறான். ஒரு தாலந்து 30 கிலோவுக்கும் மேலே. அரசனுடைய பெட்டியில் அவ்வளவு இல்லை. ஆகவே நாட்டுச் சனத்திடம் வரியாய் வாங்கியே அது கட்டப்பட்டது என்று இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் சொல்கிறது.

இப்படிச் சனத்தைப் பிழிந்துகொண்டிருந்த அதே காலத்தில்தான் யோயாக்கீமுக்கு ஒரு புது மாளிகை தேவைப்பட்டது. விசாலமான மேல்மாடி, பெரிய ஜன்னல்கள், கேதுரு மரப் பலகை, சிவப்புப் பூச்சு. எருசலேமுக்கும் பெத்லெகேமுக்கும் நடுவில் ராமாத் ராகேல் என்ற இடத்தைத் தோண்டிய யோகனான் அகரோனி, அங்கே கிடைத்த மாளிகையும் கல் ஜன்னல் வேலைப்பாடும் இவனுடையவை என்று கருதினார். பின்வந்தவர்கள் எல்லோரும் அதை ஏற்கவில்லை. மாளிகை எதுவாகவும் இருக்கட்டும், எரேமியா 22ஆம் அதிகாரத்தில் அதைக் கட்டின விதத்தைத்தான் பிடிக்கிறார்: வேலை செய்த ஆக்களுக்குச் சம்பளம் கொடுபடவில்லை. கேதுருப் பலகை அடித்தால் நீ அரசனாகிவிடுவாயா என்று கேட்கிறார். பிறகு யோசியாவை இழுக்கிறார். உன் தகப்பனும் சாப்பிட்டான் குடித்தான், ஆனால் ஏழையின் வழக்கை நியாயமாய்த் தீர்த்தான், என்னை அறிவது என்பது அதுதானே என்று கடவுள் கேட்பதாகச் சொல்கிறார்.

கடவுளை அறிவதற்கு ஜெபத்தை, பலியை, உபவாசத்தை அவர் அந்த இடத்தில் அளவுகோலாக வைக்கவில்லை. ஏழையின் வழக்கு நியாயமாய்த் தீர்க்கப்பட்டதா என்பதே அளவுகோல். யோயாக்கீமுக்குக் கழுதைக்குக் கிடைக்கும் அடக்கம்தான் கிடைக்கும் என்று அந்தப் பகுதி முடிகிறது. பொறுமையின் உதாரணம் பேசுகிற பேச்சா இது?

அந்த ஆட்சியில் இப்படிப் பேசுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு 26ஆம் அதிகாரத்தில் ஒரு சின்னக் குறிப்பு இருக்கிறது. நாங்கள் வழமையாகத் தாண்டிப் போகிற குறிப்பு. கீரியாத்யெயாரீம் ஊரைச் சேர்ந்த ஊரியா என்று ஒருவர் எரேமியா சொன்னதையே சொன்னார். உயிருக்குப் பயந்து எகிப்துக்கு ஓடினார். யோயாக்கீம் எல்நாத்தான் என்பவரின் தலைமையில் ஆட்களை அனுப்பி அவரைப் பிடித்துவரச் செய்து, வாளால் கொன்று, உடலைச் சாதாரண சனத்தின் புதைகுழியில் போடுவித்தான். ஊரியாவின் பெயரில் புத்தகம் இல்லை, அவர் சொன்ன ஒரு வசனம்கூட மிஞ்சவில்லை. அதே காலத்தில் ஆலய முற்றத்தில் பேசி மாட்டுப்பட்ட எரேமியா மட்டும் தப்பினார். ஊர்ப் பெரியவர்கள் சிலர் எழும்பி, நூறு வருஷத்துக்கு முந்தி மீகா இதைத்தானே சொன்னார், எசேக்கியா அரசன் அவரைக் கொன்றானா என்று கேட்டார்கள். அதோடு சாப்பானின் மகன் அகீக்காம் அவருக்குப் பக்கபலமாக நின்றார்.

இந்தச் சாப்பான் குடும்பத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கோ. என்னைக் கேட்டால் எரேமியா கதையின் பாதி இவர்களுடைய கதை. கி.மு. 622இல் ஆலயத்தைத் திருத்தும்போது கிடைத்த நியாயப்பிரமாணப் புத்தகத்தை யோசியாவுக்கு வாசித்துக் காட்டியவர் சாப்பான். அதைக் கேட்டு யோசியா தன் உடையைக் கிழித்துக்கொண்டான். 604இல் பாருக் சுருளைச் சனத்துக்கு முன் வாசித்தது ஆலயத்தில் சாப்பானின் மகன் கெமரியாவின் அறையில் இருந்து. எரேமியாவுக்கு ஆலயத்துக்குள் போகத் தடை இருந்ததால்தான் பாருக் போகவேண்டி வந்தது. கெமரியாவின் மகன் மிகாயா கேட்டுவிட்டு ஓடிப்போய் அரண்மனை அலுவலர்களிடம் சொன்னான். அவர்கள் பாருக்கைக் கூப்பிட்டு, தங்களுக்கும் வாசிக்கச் சொல்லி, பயந்துபோய், "நீயும் எரேமியாவும் போய் ஒளிச்சுக்கொள்ளுங்கோ" என்ற பொருளில் சொல்லி அனுப்பினார்கள்.

அன்றைக்கு ஏன் ஆலயத்தில் அவ்வளவு சனம்? ஒன்பதாம் மாதத்தில் ஒரு விசேஷ உபவாசம் கூறப்பட்டிருந்தது. காரணத்தை வேதாகமம் சொல்லவில்லை. 1956இல் டொனால்ட் வைஸ்மன் வெளியிட்ட பாபிலோனிய நாளாகமக் களிமண் பலகையில், நேபுகாத்நேச்சார் தன் முதலாம் ஆண்டில் கிஸ்லேவ் மாதத்தில் அஸ்கலோனைப் பிடித்து இடிபாடாக்கினான் என்று இருக்கிறது. கிஸ்லேவ்தான் ஒன்பதாம் மாதம். அஸ்கலோனில் தோண்டியவர்களும் அந்தக் காலத்து எரிந்த படையைக் கண்டிருக்கிறார்கள். ஆகவே கடற்கரைப் பக்கம் ஒரு பட்டணம் அழிந்துகொண்டிருந்த கிழமைகளில்தான் எருசலேமில் இந்தச் சுருள் வாசிக்கப்பட்டிருக்கிறது. சனம் பயந்துபோய் உபவாசம் இருக்கிறது, அரசன் கணப்புக்கு முன்னால் சூரிக்கத்தியோடு இருக்கிறான்.

எழுதியவர் ஒரு கெட்டித்தனமான வேலை செய்கிறார். அரசன் சுருளை அறுத்தான் என்பதற்கும், கேட்டவர்கள் தங்கள் உடையைக் கிழிக்கவில்லை என்பதற்கும் எபிரேயத்தில் ஒரே வினைச்சொல். தகப்பன் உடையைக் கிழித்தான், மகன் புத்தகத்தைக் கிழித்தான். எரிக்க வேண்டாம் என்று மூன்று பேர் அரசனைக் கெஞ்சினார்கள். அதில் ஒருவர் கெமரியா. இன்னொருவர் யார் தெரியுமா? எல்நாத்தான். எகிப்துக்குப் போய் ஊரியாவைப் பிடித்துக்கொண்டு வந்த அதே அக்போரின் மகன் எல்நாத்தான். இடையில் அவருக்கு என்ன நடந்தது, குற்ற உணர்வா, பயமா, அந்தச் சுருளில் கேட்ட ஏதாவதா? வேதாகமம் ஒன்றும் விளக்கவில்லை. நல்லவர், கெட்டவர் என்று ஆக்களைப் பிரித்து வைக்கிற எனக்கு இந்தப் பெயர் இரண்டு இடத்திலும் வருவது பெரிய தொந்தரவாய் இருக்கிறது.

1982இல் எருசலேமின் 'தாவீதின் நகரம்' பகுதியில் யிகால் ஷிலோ நடத்திய அகழ்வில் ஐம்பதளவு களிமண் முத்திரைகள் ஒரே வீட்டில் கிடைத்தன. பப்பிரசுச் சுருளைக் கயிற்றால் கட்டி, முடிச்சில் களிமண்ணை வைத்து அமத்தின முத்திரைகள். ஒன்றில் சாப்பானின் மகன் கெமரியாவுக்குரியது என்று எழுதியிருக்கிறது. கி.மு. 586இல் பாபிலோனியர் வைத்த தீயில் சுருள்கள் சாம்பலாகிவிட்டன, களிமண் சுட்டு இறுகி மிஞ்சிவிட்டது. (பாருக்கின் முத்திரை என்று ஒன்றும் இணையத்தில் சுத்தித் திரியும். அது அகழ்வில் கிடைத்ததல்ல, பழம்பொருள் சந்தையில் வந்தது. போலி என்றே இப்ப கன ஆய்வாளர்கள் சொல்லுகினம்.)

மறுபடி எழுதியதைப் பற்றி இன்னொரு விஷயம். எரேமியா புத்தகம் இன்றைக்கு எங்களிடம் இரண்டு வடிவத்தில் இருக்கிறது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் உள்ள வடிவம் எபிரேய வடிவத்தைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு சிறியது, அதிகார ஒழுங்கும் வேறு. கும்ரானின் 4ஆம் குகையில் கிடைத்த எபிரேயத் துண்டுகளில் சில அந்தச் சிறிய வடிவத்தோடு ஒத்துப்போகின்றன. அதாவது கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் சுருக்கவில்லை, எபிரேயத்திலேயே சிறியதும் பெரியதுமாய் இரண்டு இருந்திருக்கின்றன. வேதம் ஒரு எழுத்தும் மாறாமல் வானத்திலிருந்து இறங்கியது என்று நம்பி வளர்ந்த ஆக்களுக்கு இது சங்கடம். எனக்கு அப்படித் தெரியவில்லை. அரசன் எரித்தது, அவர்கள் திரும்ப எழுதினது, மேலும் சேர்த்தது, அவர்களுக்குப் பிறகு வந்தவர்களும் விடாமல் எழுதினது. 36ஆம் அதிகாரமே தன் புத்தகம் வளர்ந்ததை ஒளிக்காமல் சொல்லுதே.

நீதியும் விடாமுயற்சியும் ஒன்றையொன்று எப்படிப் பிடித்திருக்கின்றன என்பது எனக்கு விளங்கியது 34ஆம் அதிகாரத்தில்தான். இப்ப அரசன் சிதேக்கியா. பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. யூதாவின் அரணான பட்டணங்களில் லாகீசும் அசெக்காவும் மட்டுமே மிச்சம். பயத்தில் அரசனும் பிரபுக்களும் ஒரு உடன்படிக்கை செய்கிறார்கள்: எபிரேய அடிமைகள் எல்லோருக்கும் விடுதலை. கன்றுக்குட்டியை இரண்டாக வெட்டி அதன் நடுவால் நடந்து, கடவுள் பெயரால் சத்தியம் பண்ணினார்கள். ஆறு வருஷம் உழைத்தவனை ஏழாம் வருஷம் விடவேண்டும் என்பது பழைய சட்டம், ஒருவரும் கைக்கொள்ளாத சட்டம். இப்ப திடீரென்று எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிட்டது.

பிறகு எகிப்தியப் படை வருகிறது என்ற செய்தி. பாபிலோனியர் முற்றுகையை விட்டுவிட்டு அதை எதிர்க்கப் போகிறார்கள். எருசலேமில் எல்லோருக்கும் மூச்சு வருகிறது. மூச்சு வந்த கையோடு பிரபுக்கள் விட்ட அடிமைகளைத் திரும்பப் பிடித்துக்கொண்டார்கள்.

அந்த அடிமைகளை யோசிச்சுப் பாருங்கோ. முற்றுகை காலத்தில் விடுதலை என்றால் சாப்பாடு போடுகிற பொறுப்பு எசமானுக்கு இல்லை. முற்றுகை நீங்கினதும் வயலில் வேலை இருக்கிறது, ஆள் தேவை. இது என் ஊகம்தான், ஆனாலும் பிரபுக்களின் பக்தியில் இந்தக் கணக்கும் இருந்திருக்காது என்று நம்புவது எனக்குக் கஷ்டம். எரேமியாவின் பதில் மிகக் கசப்பானது. அவர்களுக்கு விடுதலை கூறவில்லைத்தானே, அப்ப உங்களுக்கு நான் விடுதலை கூறுகிறேன், வாளுக்கும் கொள்ளைநோய்க்கும் பஞ்சத்துக்கும் என்று கடவுள் சொல்வதாக அறிவிக்கிறார். அந்தப் பிரபுக்கள் நீதி செய்யவே இல்லை என்று சொல்லமுடியாது. செய்தார்கள், சில கிழமைக்கு. அது நீடிக்கவில்லை என்பதுதான் குற்றச்சாட்டே.

1935இல் லாகீசின் வாசல் காவலறையில் ஜே. எல். ஸ்டார்க்கி கண்டெடுத்த ஓட்டுத்துண்டுக் கடிதங்கள் இந்தக் கடைசிக் காலத்தவை. ஒன்றில், லாகீசின் அடையாளத் தீயைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அசெக்காவைக் காணமுடியவில்லை என்ற பொருளில் எழுதியிருக்கிறது. இன்னொன்றில், அதிகாரிகளின் வார்த்தைகள் கைகளைத் தளரப்பண்ணுகின்றன என்ற முறைப்பாடு. 38ஆம் அதிகாரத்தில் எரேமியாவைக் கொல்லச் சொன்னவர்கள் வைத்த குற்றமும் இதுதான்: இவன் போர்வீரரின் கைகளைத் தளரப்பண்ணுகிறான். போர் நேரத்தில் யாரை வாய்மூடச் சொல்வது என்பதற்கு அப்பவே ஒரு தயார்ச் சொல் இருந்திருக்கிறது.

அந்தக் குற்றச்சாட்டில்தான் அவரைத் தண்ணீரில்லாத ஒரு சேற்றுத் தொட்டிக்குள் இறக்கினார்கள். தூக்கி எடுத்தவர் எபெத்மெலேக் என்ற கூஷ் நாட்டவர், அரண்மனை ஊழியர், வெளிநாட்டவர். அவர் அரசனிடம் போய் நேரே கேட்டு, ஆள் பிடித்துக்கொண்டு வந்து, கயிற்றோடு பழைய துணிகளையும் கந்தல்களையும் இறக்கி, கயிறு வெட்டாமல் அக்குளுக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னார். கந்தல் துணியை எங்கிருந்து எடுத்தார் என்பது வரைக்கும் எழுதிவைத்திருக்கிறார்கள். இவ்வளவு அக்கறையோடு எழுதினவருக்கு அந்தத் துணி முக்கியமாய்ப் பட்டிருக்க வேண்டும்.

எரேமியா தனி ஆள் என்று நாங்கள் படம் கீறி வைத்திருக்கிறோம். மைக்கலாஞ்சலோ சிஸ்டைன் ஆலயக் கூரையில் வரைந்த எரேமியாவும் வாயைப் பொத்திக்கொண்டு யோசித்தபடி இருப்பார். அவர் தனிமையைப் பற்றி அழுதது உண்மை. கடவுளை வற்றிப்போகிற ஓடைக்கு ஒப்பிட்டு முறைப்பட்டார், பிறந்த நாளையே சபித்தார், இனிப் பேசமாட்டேன் என்று முடிவெடுத்தும் பார்த்தார், எலும்புக்குள் நெருப்புப்போல இருந்ததால் அடக்க ஏலவில்லை. கடவுளோடு சண்டை பிடித்துக்கொண்டேதான் அந்த நாற்பது வருஷமும் நின்றார். ஆனால் பாருக்கும், சாப்பானின் பிள்ளைகளும், எபெத்மெலேக்கும் இல்லாவிட்டால் அவர் இன்னொரு ஊரியாதான். பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு அவர் எழுதிய கடிதத்தைக் காவிப் போனவர்களில் ஒருவர்கூட சாப்பானின் மகன் ஒருவர்.

காவல் முற்றத்தில் இருந்துகொண்டே அவர் ஆனதோத்தில் ஒரு காணி வாங்கினார். 17 சேக்கல் வெள்ளி, இன்றைய கணக்கில் 200 கிராமுக்குக் கிட்ட. பாபிலோனியப் படை ஏறி நிற்கிற காணியைக் காசு நிறுத்துக் கொடுத்து, சாட்சி வைத்து, முத்திரை போட்ட உறுதி ஒன்றும் திறந்த பிரதி ஒன்றும் எழுதி, கனகாலம் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். டீட்ரிக் பொன்கொஃபர் 1943இல் நாசிகளின் சிறையில் இருந்து தனக்கு நிச்சயிக்கப்பட்ட மரியாவுக்கு எழுதும்போது இந்தக் காணியைத்தான் நினைத்தார். 1945 ஏப்ரல் 9 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார், அந்தக் கலியாணம் நடக்கவில்லை.

கிறிஸ்தவர்கள் இந்தப் புத்தகத்தை வாசிக்கும்போது 31ஆம் அதிகாரத்துப் புதிய உடன்படிக்கைக்கு ஓடிப்போய் அங்கேயே நின்றுவிடுவோம். கடைசி இராப்போசனத்துக்கும் எபிரெயர் நிருபத்துக்கும் அது வழி என்பதால். பிழையில்லை. ஆனால் மூன்று அதிகாரம் தள்ளி, அடிமைகளின் உடன்படிக்கை மீறப்பட்ட கதை இருப்பதை நாங்கள் கவனிப்பதில்லை. இயேசு ஆலயத்தில் காசுக்காரரின் மேசைகளைக் கவிழ்த்தபோது கள்ளர் குகை என்று சொன்னது எரேமியாவின் ஆலயப் பிரசங்கத்திலிருந்து. அந்தப் பிரசங்கம் அந்நியரையும் அநாதையையும் விதவையையும் ஒடுக்கிவிட்டு ஆலயத்துக்குள் வந்து பாதுகாப்புத் தேடுகிறவர்களைப் பற்றியது. யாக்கோபு நிருபத்தில் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று வரும்போது எனக்கு யோயாக்கீமின் கேதுரு மாளிகை ஞாபகம் வரும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். சபை வரலாற்றில் இந்தக் கண்டனங்களை எடுத்து யூத மக்களுக்கு எதிராக எறிந்த காலம் நெடியது. எரேமியா தன் சொந்தச் சனத்தை, தன் சொந்த ஆலயத்தைத்தான் கண்டித்தார். அந்தச் சொற்களை நாங்கள் வாசிப்பதென்றால் எங்கள் ஆலயத்தில், எங்கள் சபை யாருக்கு எவ்வளவு சம்பளம் கொடுக்கிறது என்பதை வைத்துக்கொண்டு வாசிக்கவேண்டும்.

எருசலேம் விழுந்தபிறகு பாபிலோனியர் ஆளுநராக வைத்தது அகீக்காமின் மகன், சாப்பானின் பேரன் கெதலியாவை. எரேமியா அவரோடு மிஸ்பாவில் தங்கினார். கொஞ்சக் காலத்தில் கெதலியாவையும் கொன்றுவிட்டார்கள். மிஞ்சினவர்கள் பயந்து எகிப்துக்கு ஓடினார்கள். போகவேண்டாம் என்று சொன்ன எரேமியாவையும் பாருக்கையும் சேர்த்துக்கொண்டு போனார்கள். மண்பாண்டத்தில் வைத்த உறுதியைப் பற்றிப் பிறகு ஒரு வசனமும் இல்லை.

எகிப்திலும் வாதம் ஓயவில்லை. 44ஆம் அதிகாரத்தில் ஆண்களும் பெண்களும் அவருக்கு முகத்துக்கு நேரே சொல்கிறார்கள்: வானராக்கினிக்குத் தூபம் காட்டின காலத்தில் எங்களுக்குச் சாப்பாடு இருந்தது, அதை நிறுத்தின நாளிலிருந்துதான் வாளும் பஞ்சமும். யோசியாவின் சீர்திருத்தத்துக்குப் பிறகு நடந்ததைப் பார்த்தால் அவர்கள் சொல்வது அவ்வளவு விசர்க்கதையும் இல்லை. கிழவர் எழும்பித் திரும்பவும் பதில் சொல்கிறார், நீளமாய், பழைய வாதத்தையே. அந்தக் கூட்டத்தில் ஒருவராவது மனம் மாறினதாக அந்த அதிகாரத்தில் இல்லை.